கமலத்தின் பாவில் உட்கார்ந்தவள்

எங்கள் தெருவுக்குள் வந்து ஸ்வர்ணலதா வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சுப்பராயலு சம்சாரம் என்றால் உடனே கை காட்டுவார்கள். கேட்கப்பட்டவர் வயசானவராக இருந்தால், "கமலம் ஊடுதான, வேப்பமரத்துக்கு எதிர்த்தாப்ல" என்பார். கமலம் இறந்து பத்து வருஷத்துக்குக் கிட்ட ஆகிறது.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி அடித்தால் இந்தப் பக்கம் என் பூஜை அலமாரியில் குங்குமச்சிமிழ் லேசாக அதிரும். அந்த அதிர்வை வைத்தே அங்கே வேலை நடக்கிறதா, சாப்பிடப் போய்விட்டார்களா என்று சொல்லிவிடலாம்.

ஸ்வர்ணலதா தேவிகாபுரத்துப் பெண். அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நெசவுக்காரர் ஜாதிதான், ஆனால் அந்த வீட்டில் தறி இல்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தவளைச் சுப்பராயலுவுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். முதல் தாரம் கமலம் மஞ்சள்காமாலையில் போனாள். போகும்போது அவள் தறியில் பாதிப் புடவை நின்றது. அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளைப் பாவு என்போம். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் வாலை அறுத்து எறிந்துவிடமாட்டோம். இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கிற நூல்வளையங்களுக்கு விழுது என்று பேர்; அந்த விழுதின் கண்களில் கோத்தபடியே ஒரு முழம் நிற்கும். அடுத்த பாவின் இழைகளை அந்தப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்து இழுத்தால், புது இழை பழையதைப் பிடித்துக்கொண்டு தானாகக் கண்ணுக்குள் வந்துவிடும். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழையைத் திரும்பக் கோக்க வேண்டும், நாள்கணக்கில் இழுக்கும். அதனால் எங்கள் தறிகளில் எந்தப் பாவும் முதல் பாவு இல்லை. ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வந்துகொண்டே இருக்கும்.

நெய்தவர் பாதியில் செத்துப்போனால் மட்டும் எங்கள் தெருவில் வழக்கம் வேறு. வேறொருவர் உட்கார்ந்து அந்தப் புடவையை முடித்துக் கொடுப்பார். பிறகு மிச்ச இழையை விழுதோடு அறுத்தெடுத்து ஆற்றில் விட்டுவிட்டு, எல்லாம் புதிதாகக் கோப்பார்கள். சுப்பராயலு அதைச் செய்யவில்லை. புதிதாக வந்தவளை உட்காரவைத்து அந்தப் பாதிப் புடவையை முடிக்கச் சொன்னார். முடிந்ததும், பாவு பிணைக்கிற பொன்னுசாமியைக் கூப்பிட்டு அடுத்த பாவை அதோடேயே பிணைத்துவிட்டார். தெருவில் எல்லாரும் பார்த்தோம். அது அவர்கள் வீட்டுக் காரியம் என்று அவரவர் வேலையைப் பார்த்தோம்.

தறியே தெரியாத ஸ்வர்ணலதாவுக்கு ஒரு மாசத்தில் கை வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பட்டுக்கடையில் வேலை பார்க்கிற சுப்பராயலுவுக்கு நிம்மதி. நெசவாளர் சங்கத்து அட்டையில் கமலம் பேரை மாற்றவும் அவர் போகவில்லை. "நாலு தபா அலைய உடுவானுங்க, பேஜார் புடிச்ச வேல" என்று விட்டுவிட்டார். கூலி நாளில் சங்கத்தில் "கமலம்" என்று கூப்பிடுவார்கள். இவள் எழுந்து போய் வாங்கிக்கொள்வாள். முதல் முதலில் கூசியது என்றாள். பிறகு கூசவில்லை. பிறகு, காய்கறிக்காரி "கமலம்மா, கத்திரிக்கா" என்றால்கூட அடுப்படியிலிருந்து "வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள்.

குழந்தை இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பில் பி.காம். சேர்ந்தாள். பாடம் தபாலில் வரும். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்து மாடியில்.

"எதுக்கு லதா இந்த வயசுல?" என்று கேட்டேன்.

"பட்டத்துல பேர் போடுவாங்கக்கா. நடுவுல, பெரிசா. அதுல வேற யார் பேரும் வராது."

அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவள் பேர் எழுதிய பொருள் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவர்சில்வர் குடத்தில்கூட 'சு. கமலம்' என்றுதான் வெட்டியிருக்கும்.

இரண்டாம் வருஷத்தில் பொதுக் கல்வி என்று ஒரு பகுதி. கணக்கு படிக்கிறவர்களும் கம்ப்யூட்டர் படிக்கிறவர்களும் கட்டாயம் அதில் ஒரு பாடம் தேற வேண்டும். வரலாறு, மெய்யியல், இலக்கியம், கலை, இப்படி மனுஷரைப் பற்றிய பாடங்கள். ஹியூமானிட்டீஸ் பேப்பர் என்று பிள்ளைகள் சொல்வார்களாம். அதில் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை மார்க் வாங்கினாலும் பட்டம் கிடையாது. அவள் மெய்யியலை எடுத்தாள். அந்த வகுப்புதான் காலையில் சீக்கிரம் முடியும், வந்து தறியில் உட்காரலாம் என்று.

டீச்சர் சுபத்ரா, கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். முதல் நாளே பஸ்ஸைத்தான் பாடமாக எடுத்திருக்கிறார். வேலூர் போகிற ஒரு பஸ். ஒரு வருஷம் டயர் மாற்றுகிறார்கள், ஒரு வருஷம் இன்ஜின், அப்புறம் சீட்டு, அப்புறம் கூடு மொத்தமும். நம்பர் மட்டும் அதே. அது அதே பஸ்ஸா, வேறு பஸ்ஸா?

செய்யார் கம்பெனியில் வேலை பார்க்கிற எழிலரசன் என்கிற பையன், "கண்டக்டர் அதே ஆளா மேடம்? அப்ப அதே பஸ்தான். என் பாக்கி சில்லற அவராண்டதான இருக்குது" என்றானாம். வகுப்பே சிரித்ததாம்.

ஸ்வர்ணலதா அன்றைக்குத்தான் வகுப்பில் முதல் தடவை வாய் திறந்தாள். "மேடம், பஸ் அப்படியே இருக்குது. ஓட்டறவங்க மட்டும் மாறிட்டாங்க. மாறினது அந்த பஸ்ஸுக்குத் தெரியுமா?"

டீச்சர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்குங்க. இதையே பேசுங்க. எல்லாருமே ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசணும், அதுக்குத்தான் மார்க். உங்க வீட்ல மாறாம இருக்கிற ஒரு பொருள், அதைச் சுத்தி மாறின மனுஷங்க. பேப்பர் பாக்கக் கூடாது. பேரைச் சொல்லி ஆரம்பிச்சு, நான்னு பேசணும்."

அவள் தறியைப் பற்றிப் பேசுவதென்று முடிவு பண்ணினாள். அந்தத் தறி எத்தனை காலமாக ஓடுகிறது என்று புருஷனைக் கேட்டபோதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார், "எங்க அறுத்தோம், அவ பாவுதான் இன்னும் ஓடிகினு இருக்குது." செத்தவர் பாவை அறுத்துவிடுகிற வழக்கமே, தறி இல்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அமாவாசையன்று பகலில் என் வீட்டுக்கு வந்தாள். அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டோம். நான் மாவிளக்குக்கு அரிசி ஊறவைத்திருந்தேன். பேசிக் காட்டறேன், கேளுங்கக்கா என்று சுவரோரம் நின்றாள். சுப்பராயலு கடையில் இருந்தார். அவள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"என் பெயர் ஸ்வர்ணலதா."

சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பலகை ஒரு அடி அடித்தது. குங்குமச்சிமிழ் அதிர்ந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "சொல்லு" என்றேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"என் பெயர் ஸ்வர்ணலதா."

மறுபடியும் ஒரு அடி. குறுக்கே ஓடுகிற ஊடை இழையைத் தள்ளி இறுக்குகிற, கை பழகினவர்கள் அடிக்கிற நிதானமான அடி.

அம்மனை நினைத்துக்கொண்டு அவளோடு போனேன். பூட்டு பூட்டினபடி இருந்தது. உள்ளே யாரும் இல்லை. தறிக்குழியில் மிதி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் காலை எடுத்த மாதிரி. பூனை குதிச்சிருக்கும் என்று நான்தான் சொன்னேன். பூனை இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பூனையையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டு வந்தவள் முகம் வெளுத்திருந்தது. கூட எழிலரசனும் வந்தான், அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து விட்டான். "சூப்பரா பேசினாங்கம்மா. நான் போன்ல புடிச்சு அவங்களுக்கு அனுப்பியிருக்கேன், கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"நான் என்னா பேசினேன்னே தெரியலக்கா" என்றாள் ஸ்வர்ணலதா. "எழுந்து நின்னேன். அப்புறம் கை தட்டினாங்க. நடுவுல ஒண்ணும் இல்ல."

போனைத் தரையில் வைத்து இருவரும் கேட்டோம். முதலில் நாற்காலி இழுக்கிற சத்தம். பிறகு ஒரு குரல்: "என் பேர் கமலம்."

"கமலமா? நீங்க ஸ்வர்ணலதா இல்ல?" என்று டீச்சர் கேட்பதும் கேட்டது. குரல் அதற்குப் பதில் சொல்லவில்லை. பேசிக்கொண்டே போனது. குரல் இவளுடையதுதான். பேச்சு இவளுடையது இல்லை. கமலம் எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆமாவா இல்லியா" என்று சேர்ப்பாள். அந்தக் குரலும் சேர்த்தது. ஓடு பறந்து மழை உள்ளே கொட்டின ஒரு பகலைப் பற்றிச் சொன்னது. தறிக்குழியில் தண்ணி ஏறிட்டுது, பாவைத் தலைமேல தூக்கிப் புடிச்சிகினு நின்னேன், இந்தாண்ட பக்கத்து ஊட்டு அக்கா ஒரு முனைய புடிச்சிகினா, எனக்கு முன்னாடி அவ அழுதுட்டா, ஆமாவா இல்லியா.

அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அழுததும் நான். ஸ்வர்ணலதா அப்போது தேவிகாபுரத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள். அந்த மழையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் டீச்சர் குரல் வந்தது. "வேற ஒருத்தரா மாறிப் பேசினது நல்ல உத்திங்க. ஆனா நான் கேட்டது அது இல்ல. உங்க குரல்ல, நீங்களா பேசணும். இதுக்கு மார்க் போட முடியாது. அடுத்த வகுப்புல திரும்பப் பேசுங்க."

ஸ்வர்ணலதா போனை நிறுத்தினாள். "அடுத்த தபாவும் அவங்களே எழுந்து நின்னா நான் என்னாக்கா பண்றது?" என்றாள். பரீட்சையில் தோற்பதைப் பற்றி அவள் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே அவள் பாவை அறுக்க வேண்டும் என்றாள். சுப்பராயலு ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னா படிக்க உட்டா புத்தி பேதலிச்சுப் பூச்சா? ஓடற தறிய யாராவது அறுப்பாங்களா?"

"செத்தவங்க பாவ யாராவது ஓட்டுவாங்களா?"

சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. மறுநாள் காலையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அறுத்தது அவள்தான். விழுதோடு ஒரு முழம் இழையை அப்படியே எடுத்துச் சுருட்டி, வாசலில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சுப்பராயலு அதை எடுத்துப்போய் தறிக்கு மேலே ஆணியில் மாட்டினார். தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

புது விழுது கட்டி, ஆள் வைத்துப் புதுப் பாவைக் கோத்தார்கள். எல்லாம் ஆகி, ஸ்வர்ணலதா தறியில் உட்கார்ந்தாள். நான் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சிமிழ் அதிரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா கீழே விழுந்து உருளுகிற சத்தம்.

போய்ப் பார்த்தேன். அவள் தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காலை முதல்ல மிதிக்கணும்க்கா?" என்றாள்.

விளையாடவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நெய்தவள், நேற்றுத் தறியைப் பார்த்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மிதித்தால் இழை அறுந்தது. நாடாவை விட்டால் பாதியில் நின்றது. கை அவளுடையதுதான். கைக்குள் இருந்த வேலை கிளம்பிப் போய்விட்டது.

சங்கத்தில் புடவைக்கு நெருக்கினார்கள். சுப்பராயலு பொறுத்துப் பார்த்துவிட்டு, வகுப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை பொன்னுசாமியைக் கூட்டிவந்தார். என்னையும் கூப்பிட்டார். ஆணியில் தொங்கின பழைய விழுதைக் காட்டி, "இத மாட்டி, புதுப் பாவ இதோட பிணைச்சுடு. சாயந்தரம் ஓட்டிடுவா" என்றார். ஆத்திரமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

பொன்னுசாமி வயசானவர். தரையில் உட்கார்ந்து விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டார், இழை வழுக்காமல் இருக்க. பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, பிணைக்கட்டுமா, வாணாமா? நீ சொல்லு. நாளைக்கு என்ன வந்து கேக்கக் கூடாது."

அவள் ஆணியைப் பார்த்தாள். காற்றே இல்லை. அந்த ஒரு முழ இழை ஒரு பக்கமாக அசைந்துகொண்டிருந்தது. அவளுடைய வலது பாதம் தரையில் தானாக எழும்பி எழும்பி விழுந்ததை நான் பார்த்தேன். மிதியை மிதிக்கிற கணக்கு. அவளும் அதைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு காலால் அந்தப் பாதத்தை மிதித்து நிறுத்தினாள்.

"வாணாம் மாமா. எனக்கு வராத வேலைய நானே கத்துக்கறேன்."

"வருஷம் ஆகும்."

"ஆவட்டும்."

சுப்பராயலு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வகுப்புக்கு நானும் போனேன். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். நான் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ காலம். முந்தானையில் அம்மன் குங்குமம் முடிந்து வைத்திருந்தேன்.

ஸ்வர்ணலதா எழுந்து போய் நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே யாரோ கதவை இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழிலரசன், "அக்கா, சும்மா சொல்லுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னான்.

"என் பேர்" என்றாள். நிறுத்தினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்வர்ணலதா. எங்க அப்பா மளிகைக் கடை வெச்சிருந்தாரு. எனக்குத் தறி தெரியாது."

பத்து நிமிஷம் பேசவில்லை, பாதிகூட இல்லை. திக்கித் திக்கி, கல்யாணம் பண்ணி வந்தது, சங்கத்தில் வேறு பேருக்கு எழுந்து போனது, அறுத்தது, கை மறந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மேடம், அன்னிக்கு பஸ்ஸப் பத்திக் கேட்டேனே, அதுக்கு எனக்கு பதில் தெரியல. இவ்ளோதான்" என்று உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. டீச்சர் பேனாவை எடுத்தார். தேறுகிற அளவுக்கு மார்க் போட்டார். அதற்குமேல் பெரிதாகப் போடவில்லை என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சுப்பராயலு வாசற்படியில் நின்றிருந்தார். கையில் பழைய விழுது, மஞ்சள் துணியில் சுற்றி. குளித்து விபூதி வைத்திருந்தார். "வா, போயி உட்டுட்டு வந்துடலாம்" என்றார். என்னையும் பார்த்து, "நீங்களும் வாங்கக்கா, அவளத் தெரிஞ்சவங்க நீங்கதான்" என்றார்.

கமண்டல நாகநதியில் எப்போதும் மணல்தான். அந்த வாரம் மேலே மழை பெய்து பாலத்தண்டை முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மத்தியான வெயில். கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஒரு கற்பூரத்தை ஏற்றி நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஸ்வர்ணலதா துணியைப் பிரித்து, இழையைக் கலைக்காமல் தண்ணீரில் வைத்தாள்.

"போய்ட்டு வாக்கா. ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்றாள். கமலத்தை அவள் அக்கா என்று கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

இழை பிரிந்து பிரிந்து மிதந்தது. கொஞ்ச தூரம் போய் ஒரு நாணல் தட்டையில் மாட்டிக்கொண்டு, அங்கேயே நின்று ஆடியது. சுப்பராயலு வேட்டியை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கினார். அதை எடுத்துவிடக் குனிந்தவர், எடுக்காமல் அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. அவள் செத்த அன்றைக்கும் அழாத மனுஷன்.

"கமலம்" என்றார்.

நான் ஸ்வர்ணலதாவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தப் பேருக்குத் திரும்பின கழுத்து திரும்பவில்லை. உதடு மூடியிருந்தது. கண் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆங்" என்று ஒரு குரல் கேட்டது.

நாணல் பக்கமிருந்துதான் கேட்டது. சுப்பராயலு சட்டென்று நிமிர்ந்தார். ஸ்வர்ணலதாவும் கேட்டிருக்க வேண்டும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இழை தட்டையிலிருந்து தானாக விடுபட்டு, பாலத்து நிழலுக்குள் போய், மறுபக்கம் வெயிலில் தெரியவே இல்லை.